அரியர் விழுந்தா ஸ்காலர்ஷிப் போயிடுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்ம நம்பருக்கு ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. நாப்பது செகண்ட் இருக்கும். "அக்கா, எனக்கு ரெண்டு பேப்பர் அரியர். இனிமே ஸ்காலர்ஷிப் வராதுன்னு சொல்லிட்டாங்க. அதனால காலேஜுக்குப் போகல, மில்லு வேலைக்குப் போறேன். கரஸ்ல சேந்தா அந்த ஆயிரம் ரூபாயாவது வருமா?"

எந்த ஊருன்னு கேட்டேன். செண்பகத்தோப்புன்னு பதில் வந்துச்சு.

எனக்கு ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மேற்கே மலையைப் பாத்துப் போற அந்த ரோட்டுல சின்ன வயசுல எத்தனையோ தடவை போயிருக்கேன். காட்டழகர் கோயிலுக்கு, மீன்வெட்டிப்பாறை அருவிக்குன்னு. ரெண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, எதிர்ல மலை. 1988-ல சாம்பல் நிற அணில் சரணாலயமா அறிவிச்ச காடு அது. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த அடிவாரத்துல பளியர் பழங்குடி மக்கள் குடியிருப்பு ஒண்ணு இருக்கு. தேன் எடுக்கிறது, தோப்புக் காவல், கூலி வேலைன்னு வாழற குடும்பங்கள். வாய்ஸ் நோட் அனுப்பின பொண்ணு அங்கேதான் இருக்கா. பேரு வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. இங்கே தங்கச்சின்னே சொல்றேன்.

அடுத்த சனிக்கிழமை நான் ஊருக்குப் போற வேலை இருந்துச்சு. அப்படியே அவளையும் பாத்துட்டு வந்தேன். இந்த எபிசோட் அங்கே திண்ணையில உக்காந்து ரெண்டு பேரும் போட்ட கணக்குல இருந்து வந்ததுதான்.

யார் சொன்னது?

முதல்ல நான் கேட்டது, "ஸ்காலர்ஷிப் வராதுன்னு யார் சொன்னாங்க?"

"பஸ்ல கூட வர்ற ஒரு சீனியர் அக்கா."

"காலேஜ்ல யாராவது சொன்னாங்களா? பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்களா?"

"இல்லக்கா. ரினிவலுக்குப் போன வருஷ மார்க் ஷீட் கேட்டாங்க. அதுல ரெண்டு ஃபெயில் இருக்கு. அதைக் கொண்டுபோய் எப்படிக் குடுக்கிறதுன்னு விட்டுட்டேன்."

இதுதான் முக்கியம். யாரும் இவளை நிறுத்தல. நிறுத்திடுவாங்கன்னு நெனச்சு இவளே நின்னுட்டா. அப்பா அம்மாகிட்ட "இனிமே பணம் வராது"ன்னு சொல்லியாச்சு. அவங்களும் சரி, மில்லுக்குப் போன்னு சொல்லிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. வீட்ல இதுக்கு முன்னாடி யாரும் காலேஜ் வாசல் மிதிச்சதில்ல.

இந்தப் பேச்சு எங்க இருந்து வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. முழுப் பொய்னும் சொல்ல முடியாது. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற கம்பெனிகள் "ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது"ன்னு போடுவாங்க. தனியார் அறக்கட்டளைகள் பல இடங்கள்ல "எல்லா பேப்பரும் பாஸ், இத்தனை சதவீதம்"னு கேட்பாங்க. அதையெல்லாம் சேத்து, "அரியர்னா எல்லாமே கட்"னு ஒரே வரியா பஸ்ல பரவிடுது. ஆனா ஒவ்வொரு உதவித்தொகைக்கும் விதி வேற வேற. உங்களுக்கு வர்றது எந்தத் திட்டத்துப் பணம்னு தெரியாம, எந்த விதி உங்களுக்குன்னு சொல்லவே முடியாது.

அதனால ஒண்ணொண்ணா பாப்போம்.

போஸ்ட் மெட்ரிக்: கேட்கிறது பாஸ் இல்ல, புரமோஷன்

இந்தத் தங்கச்சிக்கு வர்ற முதல் உதவி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். பத்தாம் வகுப்புக்கு மேல படிக்கிற எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கானது. ரொம்பப் பழைய திட்டம். 1944-ல, வெள்ளைக்காரங்க காலத்துலயே பட்டியல் சாதி மாணவர்களுக்காகத் தொடங்கினது. அப்போ வைஸ்ராய் நிர்வாகக் குழுவுல உறுப்பினரா இருந்த அம்பேத்கர், இந்தப் பணத்துக்காக அரசாங்கத்துகிட்ட வாதாடினவர். இன்னைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள்ள இருந்தா, கட்டாயக் கட்டணங்களும் ஒரு பராமரிப்புத் தொகையும் இதுல கிடைக்கும்.

இதைப் புதுப்பிக்க விதி என்ன சொல்லுது? மூணு விஷயம். நன்னடத்தை, ஒழுங்கான வருகை, அடுத்த வகுப்புக்கு உயர்வு. மூணாவதை நல்லாக் கவனிங்க. "எல்லாத் தாள்லயும் தேர்ச்சி"ன்னு அங்கே இல்ல. அடுத்த வகுப்புக்குப் போயிருக்கணும், அவ்வளவுதான். இன்னும் தெளிவா ஒரு விதி இருக்கு: கீழ் வகுப்புப் பாடத்தை மறுபடி எழுத வேண்டி இருந்தாலும், பல்கலைக்கழக விதிப்படி மாணவர் அடுத்த வகுப்புக்கு அனுப்பப்பட்டிருந்தா, அந்த வகுப்புக்கான உதவித்தொகைக்கு அவர் தகுதியானவர்.

நம்ம ஊர் பாஷையில சொன்னா, அதுக்குப் பேருதான் அரியர்!

கலை அறிவியல் கல்லூரிகள்ல பெரும்பாலும் அரியர் இருந்தாலும் அடுத்த செமஸ்டருக்குப் போயிடலாம். தங்கச்சியும் மூணாவது செமஸ்டருக்குப் போயாச்சு. அப்போ அந்த ரெண்டு பேப்பரால அவ ஸ்காலர்ஷிப்புக்கு ஆபத்தே கிடையாது.

எல்லாப் படிப்புக்கும் இது ஒரே மாதிரி இல்ல. எம்.பி.பி.எஸ்.ஸில் முதல் கட்டத் தேர்வுல பாஸ் ஆகாம அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. அங்கே புரமோஷன் நின்னா உதவித்தொகையும் நிக்கலாம். அதுக்கும் ஒரு சலுகை இருக்கு. பழங்குடி மாணவர்களுக்கான விதிகள்ல, மருத்துவம், பொறியியல் மாதிரிப் படிப்புகள்ல முதல் தடவை ஃபெயில் ஆனா புதுப்பிக்க இடம் உண்டு. ரெண்டாவது தடவையும் ஆனா, அடுத்த வகுப்புக்குப் போற வரைக்கும் சொந்தச் செலவு. கவனிங்க, "போற வரைக்கும்". கதவை ஒரேயடியா சாத்திடல.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: படிப்பை விடாம இருக்கணும்

தங்கச்சி கேட்ட அந்த ஆயிரம் ரூபாய், புதுமைப் பெண் திட்டத்துப் பணம். முழுப் பேரு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம். 2022 செப்டம்பர் 5-ம் தேதி தொடங்குச்சு. ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பெண்களுக்கு, பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடிக்கிற வரைக்கும் மாசம் 1,000 ரூபாய். பசங்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ம் தேதி கோயம்புத்தூர்ல தொடங்குச்சு. அரசு உதவி பெறும் பள்ளிகள்ல தமிழ் வழியில படிச்சவங்களுக்கும் இப்போ ரெண்டு திட்டமும் உண்டு.

இதுல மார்க் சதவீதம்னு எதுவும் கேட்கல. வேற உதவித்தொகை வாங்கினாலும் இதையும் சேத்து வாங்கலாம். ஆனா நீங்க இடைநிற்காம படிச்சுக்கிட்டு இருக்கணும். தொலைதூரக் கல்வி, திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ரெண்டுக்கும் இது கிடையாது.

ஆக, வாய்ஸ் நோட்ல கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் இதுதான்: கரஸ்ல சேந்தா அந்த ஆயிரம் வராது. காலேஜுக்குப் போனா, அரியரோட போனாலும் வரும். இதைச் சொன்னப்போ தங்கச்சி என்னைப் பாத்த பார்வை எனக்கு இன்னும் நெனவுல இருக்கு. பணத்தைக் காப்பாத்தத்தான் அவ படிப்பை மாத்த நெனச்சா. அப்படி மாத்தியிருந்தாத்தான் பணம் போயிருக்கும்.

மார்க் கேட்கிற திட்டமும் இருக்கு

இப்போ மறுபக்கம். மத்தியக் கல்வி அமைச்சகத்தோட கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கான ஸ்காலர்ஷிப் ஒண்ணு இருக்கு. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல விண்ணப்பிக்கணும். பிளஸ் டூவுல அவங்கவங்க போர்டுல 80 பர்சன்டைலுக்கு மேல வந்தவங்களுக்கு, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்தா கிடைக்கும். பட்டப் படிப்புல முதல் மூணு வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய். முதுகலையில 20,000.

இங்கே புதுப்பிக்கணும்னா ஆண்டுத் தேர்வுல குறைஞ்சது 50 சதவீத மார்க் வேணும், 75 சதவீத வருகையும் வேணும். ராகிங் உள்ளிட்ட ஒழுங்கீனப் புகார் வந்தாலும் போயிடும். இன்னொரு நிபந்தனையும் இருக்கு. மாநில அரசுத் திட்டம் உட்பட வேற எந்த ஸ்காலர்ஷிப்பும், கட்டணச் சலுகையும் வாங்கக் கூடாது. புதுமைப் பெண்ல "சேத்து வாங்கலாம்"னு சொன்னேன் இல்லையா, இங்கே அது நேர் எதிர். ரெண்டு திட்டத்துக்கும் பொதுவா ஒரு விதி சொல்ல முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

உண்மையிலேயே வெட்டுறது எது?

சரி, அரியர் பெரும்பாலும் வெட்டாதுன்னா, வேற எது வெட்டும்? நாலு விஷயம்.

முதல்ல வருகைப்பதிவு. ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள்னு வெச்சுக்குவோம். 75 சதவீதம்னா 68 நாள் வந்திருக்கணும். அதாவது 22 நாள் வரைக்கும் விடலாம். 65-ல இருந்து 75-க்குள்ள இருந்தா, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள்ல மருத்துவச் சான்று குடுத்து, கான்டனேஷன் கட்டணம் கட்டிப் பரீட்சை எழுதலாம். அதுக்கும் கீழ போனா அந்தப் பரீட்சையே எழுத முடியாம போகலாம். ரொம்பக் குறைஞ்சா அந்த செமஸ்டரையே மறுபடி படிக்கச் சொல்லுவாங்க. அப்போ புரமோஷன் போச்சு. புரமோஷன் போனா ஸ்காலர்ஷிப்பும் போச்சு. ரெண்டு அரியர் செய்யாததை, ஒரு மாச லீவு செஞ்சிடும்.

ரெண்டாவது, ரினிவல். முதல் வருஷம் விண்ணப்பிச்சதே போதும், மூணு வருஷத்துக்கும் தானா வரும்னு பல பேர் நெனக்கிறாங்க. அப்படி இல்ல. போஸ்ட் மெட்ரிக்கை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். நானே மாட்டினேன். ரெண்டாவது வருஷம், அரியர் ரிசல்ட் வந்ததும் நல்ல மார்க் ஷீட்டா குடுப்போம்னு ரினிவல் ஃபார்மைக் கையிலயே வெச்சிருந்தேன். ரிசல்ட் வந்துச்சு, பாஸும் ஆயிட்டேன். ஆனா கடைசித் தேதி முடிஞ்சு ஒன்பது நாள் ஆகியிருந்துச்சு. அந்த வருஷக் கட்டணத்துக்கு அம்மா கம்மலை அடகு வெச்சாங்க. ஃபெயில் ஆனதால பணம் போகல, வெக்கப்பட்டதால போச்சு.

மூணாவது, பேங்க். இப்போ பணம் நேரா மாணவர் கணக்குக்கு வருது. அந்தக் கணக்கு ஆதாரோட இணைஞ்சிருந்தா மட்டும் போதாது, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்குதான்னு பதிவாகியிருக்கணும். ரெண்டு மூணு பேங்க்ல கணக்கு வெச்சிருக்கிறவங்க இதுல குழம்பிப் போறாங்க. காலேஜ் எல்லாம் சரியா அனுப்பியிருக்கும், பணம் நீங்க மறந்துபோன ஒரு கணக்குல விழுந்திருக்கும். பேங்க்ல போய் "என் ஆதாருக்கு டி.பி.டி. எந்தக் கணக்குக்கு வருது?"ன்னு இந்த ஒரு கேள்வியை அப்படியே கேளுங்க.

நாலாவது, பாதியில நிக்கிறது. போஸ்ட் மெட்ரிக் விதிப்படி, வருஷ நடுவுல படிப்பை விட்டா, வாங்கின தொகையைத் திருப்பிக் கேட்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. இதைப் பயமுறுத்தச் சொல்லல. சொல்லாம கொள்ளாம நிக்கிறது, "நமக்கு வேண்டாம்"னு ஒதுங்கிக்கிற மாதிரி முடியாதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

அமெரிக்காவுல எப்படி?

இதே விஷயத்துக்கு அமெரிக்காவுல ஒரு பேரே இருக்கு, "திருப்திகரமான கல்வி முன்னேற்றம்". அரசாங்க நிதியுதவி வாங்குற ஒவ்வொரு மாணவரையும் இதை வெச்சுப் பாப்பாங்க. ரெண்டாவது வருஷ முடிவுல சராசரியா "சி" கிரேடு இருக்கணும். எடுத்த பாடங்களைத் தேவையான வேகத்துல முடிச்சுக்கிட்டு வரணும். மொத்தப் படிப்பும் அதோட அளவுல 150 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 120 கிரெடிட் படிப்புன்னா, 180 கிரெடிட் வரைக்கும் முயற்சி பண்ணலாம். நம்ம விதிகளை விட இது கறார்னுதான் சொல்லணும்.

ஆனா அங்கே ஒரு நல்ல பழக்கம் இருக்கு. கல்லூரிகள் எச்சரிக்கைன்னு ஒரு கட்டம் வெச்சுக்கலாம், மேல்முறையீட்டுக்கும் இடம் குடுக்கலாம். உறவினர் இறந்துட்டாங்க, உடம்பு சரியில்ல, வேற அசாதாரண சூழ்நிலைன்னு காரணத்தை எழுதிக் குடுத்து, இனி என்ன மாறியிருக்குன்னு சொல்லணும். அப்புறம் பாத்து முடிவு பண்ணுவாங்க.

நம்ம ஊர்ல இல்லையான்னா, இருக்கு. போஸ்ட் மெட்ரிக் விதிகள்லயே ஒரு பிரிவு இருக்கு. நோயாலோ எதிர்பாராத நிகழ்வாலோ ஆண்டுத் தேர்வு எழுத முடியாமப் போனா, மருத்துவச் சான்றோ வேற ஆதாரமோ குடுத்து, இவர் எழுதியிருந்தா பாஸ் ஆகியிருப்பார்னு கல்லூரி முதல்வர் சான்று குடுத்தா, அடுத்த வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். நம்மகிட்ட விதி இருக்கு. அது இருக்குன்னு நம்மளைக் கூப்பிட்டுச் சொல்ற ஆள்தான் இல்ல. அந்த இடத்தை பஸ்ல வர்ற பேச்சு பிடிச்சுக்குது.

திண்ணையில போட்ட கணக்கு

தங்கச்சி எத்தனை நாள் விட்டிருக்கான்னு எண்ணினோம். காலண்டரைக் கழட்டி மடியில வெச்சு, மில்லுக்குப் போன நாளையெல்லாம் பென்சில்ல வட்டம் போட்டா. நடுவுல வந்த லீவு நாளைக் கழிச்சோம். 19 நாள்.

22-ல 19 போனா 3. "மூணு நாள்தான் இருக்கா?"ன்னு கேட்டா. அவளுக்கு அது கம்மியாத் தெரிஞ்சுது. எனக்கு அது ரொம்பப் பெருசாத் தெரிஞ்சுது. இன்னும் ஒரு வாரம் மில்லுக்குப் போயிருந்தா, கான்டனேஷன் கேட்டு நிக்கிற நிலை வந்திருக்கும்.

அவங்கம்மா உள்ள இருந்து வந்து, "ஏம்மா, ஃபெயில் ஆன புள்ளைக்கு கவர்மென்ட்டு பணம் குடுக்குமா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். "ஃபெயில் ஆன பாடத்தை மறுபடி எழுதிப் பாஸ் பண்ணத்தான்மா அந்தப் பணம்"னு சொன்னேன். ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப மில்லுல கணக்கு முடிச்சு வாங்கணும்"னு சொன்னாங்க.

அன்னைக்கு எழுதிக் குடுத்த பட்டியல் இது. உங்களுக்கும் இதேதான், அதனால படிக்கிறேன்.

முதல் நாளே துறைத் தலைவரைப் பாருங்க. ஏன் வரலைன்னு உள்ளதைச் சொல்லுங்க. இதுவரை உங்க வருகை எத்தனை சதவீதம்னு எழுதி வாங்கிக்குங்க.

ஸ்காலர்ஷிப் பாக்கிற பொறுப்பு ஆசிரியர் ஒவ்வொரு காலேஜ்லயும் இருப்பார். அவர்கிட்ட ரெண்டே கேள்வி: "எனக்கு வர்றது எந்தத் திட்டம்? ரினிவலுக்குக் கடைசித் தேதி என்ன?"

மார்க் ஷீட் எப்படி இருக்கோ அப்படியே குடுங்க. நல்ல மார்க் ஷீட் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

வருமானச் சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தா இ-சேவை மையத்துல இன்னைக்கே விண்ணப்பிங்க. எஸ்.டி. சாதிச் சான்றிதழ் தாசில்தார் குடுக்கிறது இல்ல, கோட்டாட்சியர் அளவுல வாங்கணும், அதுக்கு நாள் ஆகும். இன்னும் வாங்காத தம்பி தங்கச்சிங்க வீட்ல இருந்தா, பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் விட்டுடாதீங்க.

அரியர் ஃபீஸ் கட்டுற தேதியைத் தவற விடாதீங்க. உதவித்தொகையை அரியர் நிறுத்தாதுதான். ஆனா மூணாவது வருஷ முடிவுல டிகிரியை நிறுத்தும்.

கடைசியா ஒண்ணு. "உனக்கு வராது"ன்னு யாராவது சொன்னா, அவங்களோட சண்டை போட வேண்டாம். "எந்த விதியில இருக்கு, காட்டுங்க"ன்னு மரியாதையாக் கேளுங்க. காட்டினா படிங்க. காட்ட முடியலைன்னா, காலேஜுக்குப் போங்க.

திங்கட்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. "அக்கா, பஸ் ஏறிட்டேன். அந்த சீனியர் அக்காவும் வர்றாங்க. அவங்களுக்கும் மூணு அரியராம். விதியைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

இந்த எபிசோடை நீங்க கேட்டதோட விட்டுடாதீங்க. உங்க கிளாஸ்ல திடீர்னு வராமப் போன ஒரு பேர் இப்போ மனசுல வந்திருக்கும். அவங்களுக்கு ஒரு போன் பண்ணுங்க. எத்தனை நாள் ஆச்சுன்னு சேந்து எண்ணிப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.